அப்பாவின் இடது பக்கம்

வருடத்தில் ஒரு வாரம் அப்பாவின் கழுத்தில் விசில் தொங்கும். மற்ற நாட்களில் பஸ்ஸில் கண்டக்டர் ஊதுவார், அப்பா அதைக் கேட்டு வண்டியை எடுப்பார். நாங்கள் கடலுக்குப் போகும் அந்த வாரம் மட்டும் அப்பா ஊதுவார், நாங்கள் கேட்போம்.

"வருஷம் பூரா கேட்டதுக்கெல்லாம் சேத்து வச்சுப் பழி வாங்கறார்" என்பாள் அம்மா.

விதி எளிது. ஒரு முறை ஊதினால் கரைப் பக்கம் நகர வேண்டும். இரண்டு முறை ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும். ஊதாதவரை எல்லாம் சரி. தண்ணீரில் இருப்பவர்கள் யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. தலை எண்ணுவது அப்பாவின் வேலை. அவருக்கு நீந்தத் தெரியாது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி, அலை வந்து தொடாத ஓரத்தில் நிற்பார். அம்மாவுக்குத் தண்ணீரே ஆகாது. அப்பாவுக்குப் பின்னால், உலர்ந்த மணலில், எங்கள் துணிகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பாள். அவள் தலையை யாரும் எண்ணியதில்லை.

நான் ஒரு கண் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். பக்கப் பார்வையைப் பரிசோதிக்கும் அறை. இருட்டாக இருக்கும். நோயாளி ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மினுங்கினால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நான் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

இந்த வருடம் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அப்பா டீ டம்ளரைத் தட்டிவிட்டார். அது அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான்தான் வைத்திருந்தேன், சொல்லியும் இருந்தேன். சில மாதங்களாக அவருடைய இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி இரண்டாவது தடவையாக உடைந்தபோது டிப்போ ஆட்களைத் திட்டினார்.

தரையைத் துடைத்துவிட்டு நான் அவருக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டேன்.

"என் மூக்கையே பாருங்கப்பா. பக்கத்துல விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

"உன் மூக்கை நீ பொறந்ததுல இருந்து பாக்கறேன். அதுல என்ன புதுசா?"

"பாருங்களேன்."

வலது பக்கம் விரலைக் கொண்டுவந்ததும் சொல்லிவிட்டார். இடது பக்கத்துக்கு நான் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்சம் காத்திருந்தேன்.

"தெரியுது, தெரியுது" என்றார் அப்பா.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா என் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்.

"அப்பா, நான் கையத் தூக்கவே இல்ல."

"தூக்கப் போறேன்னு தெரிஞ்சுது" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் முதலில் ஓரங்கள் போகும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும் என்றேன். போன இடம் கறுப்பாகத் தெரியாது, பக்கத்தில் இருப்பதை மூளை இழுத்து ஒட்டிக்கொள்ளும், அதனால் போனதே தெரியாது என்றேன். வீட்டில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"டிப்போல வருஷா வருஷம் போர்டு காட்டறாங்க. கடைசி வரி வரைக்கும் படிக்கறேன். அதுக்கு என்ன சொல்ற?"

"அது நடுப்பார்வைப்பா. இது வேற."

"இடது பக்கம்னா கண்டக்டர் இருக்கான். ஆளு, சைக்கிள் ஏதாவது வந்தா குரல் குடுத்துடுவான்."

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அக்காவும் அத்தானும் அன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய மகள், நாங்கள் சுண்டெலி என்று கூப்பிடுபவள், தாத்தாவுக்கு எதிரே நின்று தன் விரலை அவருடைய இடது பக்கம் ஆட்டிப் பார்த்தாள். அக்கா அவளை இழுத்துக்கொண்டாள்.

"டாக்டரைப் பாக்கற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்கப்பா."

"நாளையில இருந்து லீவுதானே? எங்க ஓட்டப் போறேன்?" அப்பா எழுந்து ஆணியில் தொங்கிய விசிலை எடுத்தார். "சரி, இப்படி வச்சுக்கலாம். இந்த வாரம் கடல்ல நான் ஒரு தலைய, ஒரே ஒரு தலைய விட்டேன்னா, திரும்பி வந்து உன் கிண்ணத்துல மூஞ்சிய வைக்கறேன். வேலையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். விடலன்னா இந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது."

"இது பந்தயம் கட்டற விஷயம் இல்லப்பா."

"பயமா இருக்கா?"

"நான் மாமா பக்கம்" என்றார் அத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இடத்திலும் இறுக்கத்தைத் தளர்த்தப் பார்ப்பார். "ஆனா தோத்தா வீட்ல உக்காந்து என்னைய ஓட்டக் கூடாது மாமா."

எனக்கு வாதாட வராது. நாங்கள் திரும்பி வரும் நாளுக்கு மறுநாள், எங்கள் மருத்துவமனையில் அப்பா பெயருக்கு நேரம் வாங்கி வைத்தேன். அதை அவரிடமும் சொன்னேன். "வாங்கி வை, வாங்கி வை" என்றார்.

நாங்கள் எப்போதும் எடுப்பது கடலைப் பார்த்த ஒரு மாடி வீடு. இரண்டு அறைகள், ஒரு சமையல் மேடை, வெளியே இரும்புப் படி. தாழ்ப்பாள்களை உப்புக் காற்று தின்றிருக்கும். கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். அலமாரியைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. மெத்தைகளில் போன வாரம் வந்தவர்களின் மணல். வீட்டுக்காரம்மா ஒவ்வொரு வருடமும் என்னைப் பார்த்து, "இவ இன்னும் பேச ஆரம்பிக்கலையா?" என்று கேட்பாள். இந்த வருடமும் கேட்டாள்.

முதல் நாள் காலையிலேயே அப்பா தன் இடத்தில் போய் நின்றார். வழக்கத்தைவிட விறைப்பாக நின்றார். முகத்தை ஒரு பறவை மாதிரி வெடுக் வெடுக்கென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அந்த நாளும் அடுத்த நாளும் ஒரு தலைகூடத் தவறவில்லை. சுண்டெலி அவருடைய இடது பக்கம் ஒதுங்கியபோது விசில் வந்தது. அத்தான் மூழ்கி, வேண்டுமென்றே இடது பக்கமாகப் போய் எழுந்தார். அப்போதும் வந்தது.

"மாமா டிஸ்டிங்ஷன்ல பாஸ்" என்றார் அத்தான், தலையைத் துவட்டிக்கொண்டே.

"இன்னொரு பரீட்சை வைக்கச் சொல்லு உன் மச்சினிய" என்றார் அப்பா. நிமிர்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் பார்த்தது தவறோ என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அம்மா துணிகளோடு பின்னால் உட்காரவில்லை. முன்னால் வந்து, அப்பாவின் இடது காலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் எதையோ வைத்துப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். நான் வேண்டுமென்றே அப்பாவின் இடது பக்கமாக நீந்தினேன். அம்மாவின் வாய் அசைந்தது. அப்பா முகத்தைத் திருப்பினார். பிறகுதான் விசில் வந்தது. இன்னொரு தடவை போனேன். முதலில் அம்மாவின் வாய், பிறகு அப்பாவின் முகம், அப்புறம் விசில்.

மாலை எல்லோரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து வைத்தேன்.

"நீ பிட்டு குடுக்கறம்மா."

அம்மா திரும்பவில்லை. "என்ன பிட்டு?"

"பரீட்சை ஹால்ல குடுக்கற பிட்டு."

"சும்மா பேச்சுக்கு ஏதோ சொல்வேன். குழந்தை அங்க போறா, காத்து அடிக்குதுன்னு. புருஷன்கிட்ட பேசக் கூடாதா?"

"எவ்வளவு நாளா?"

குழாயை மூடினாள். கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரோட்டுல நடந்தா நான்தான் அந்தப் பக்கம் நடக்கறேன். சாப்பிட உக்காந்தா அந்தப் பக்கம் நான்தான் உக்காரறேன். இதெல்லாம் ஒரு விஷயமா? கட்டிக்கிட்டவ எதுக்கு இருக்கா?"

"நீ பஸ்ல உக்கார முடியுமா?"

"கண்டக்டர் நல்லவர்."

"அம்மா, நம்ம சுண்டெலி மாதிரி ஒண்ணு அந்தப் பக்கமா பஸ்ல இருந்து இறங்கும்போது கண்டக்டர் டிக்கெட் கிழிச்சிட்டிருந்தா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ இரும்புப் படியில் ஏறும் சத்தம் கேட்டது. எங்கள் ஆட்கள் இல்லை.

"ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலந்தான்" என்றாள். "அந்த ஸ்டியரிங்க விட்டா அவருக்கு வேற என்னடி தெரியும்? வீட்ல உக்காந்தா என்னை ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்க வைப்பார்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அவரா தெரிஞ்சுக்கட்டும். நீ சொல்லி, நான் சொல்லி, அவர் தலைகுனிஞ்சு வர வேண்டாம்."

"நீ சொல்லிக் குடுத்துட்டே இருந்தா அவரா எப்படித் தெரிஞ்சுப்பார்?"

கை துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "சரி" என்றாள். "நாளைக்கு நான் வாயே திறக்கல. போதுமா?"

மறுநாள் காற்று பலமாக இருந்தது. ராத்திரி ஏறிய அலை கரையை அரித்து ஒரு சரிவை உண்டாக்கியிருந்தது. ஏறிவந்த தண்ணீர் அந்தச் சரிவில் விசையோடு திரும்பியது. அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஓரத்துலயே குளிக்கலாம், தாங்கும்" என்றார். அப்பா சரிவுக்கு மேலே நின்றார்.

அம்மா உட்காரவில்லை. கட்டியிருந்த புடவையைக் கணுக்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, அப்பாவைக் கடந்து, இடது பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

"அத்தை கடல்ல எறங்கிட்டாங்க! இன்னிக்கு மழைதான்" என்று கத்தினார் அத்தான்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? பின்னாடி போய் உக்காரு" என்றார் அப்பா.

"கால நனைச்சா கரைஞ்சா போயிடுவேன்? நீங்க உங்க வேலையப் பாருங்க."

"போய் உக்காருன்னா உக்காரணும்."

"சரி, சரி."

ஆனால் போகவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று சுண்டெலியைக் கூப்பிட்டாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டினாள். "இதான் வேலி. பாட்டியத் தாண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது, தெரிஞ்சுதா?" சுண்டெலி தலையாட்டிவிட்டு எங்களிடம் ஓடிவந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினாள். பார், நான் வாயே திறக்கவில்லை என்பதுபோல.

கொஞ்ச நேரம் விளையாடினோம். அத்தான் சுண்டெலியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அக்கா, உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பெரிய அலை வந்தது. நாங்கள் பழக்கத்தில் மூச்சைப் பிடித்து அதற்கு அடியில் குனிந்தோம். அது கரைவரை போய், சரிவில் மோதி, மணலை வாரிக்கொண்டு திரும்பியது. கால்கள் இழுபட்டன. எழுந்ததும் சிரித்தோம். சுண்டெலி இருமினாள், பிறகு அவளும் சிரித்தாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றிருந்தார். விசில் உதட்டில் இருந்தது. ஊதவில்லை.

ஊதாதவரை எல்லாம் சரி. நாங்கள் அடுத்த அலைக்குத் திரும்பினோம். அதற்கடுத்த அலைக்கும்.

சுண்டெலிதான் கேட்டாள். "வேலி எங்க?"

இடது பக்கம் யாரும் இல்லை. அப்பாவுக்குப் பின்னால் பார்த்தேன். துணிகளும் செருப்புகளும் கிடந்தன. நான் கரைக்கு ஓடினேன். சரிவில் இரண்டு தடவை விழுந்தேன்.

"அப்பா, அம்மா எங்க?"

கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பின்னாடி உக்காந்திருக்கா."

"இல்லப்பா."

வலது பக்கமாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. எண்ணினார்.

"நாலு பேரும் இருக்கீங்களே" என்றார். "யாரைத் தேடற?"

அவருக்கு இடப் பக்கத்தில், ஒரு கட்டிலின் நீளம்கூட இருக்காது, நுரைக்குள் பழுப்பாக ஏதோ உருண்டது. தண்ணீர் அதைக் கரைக்குத் தள்ளியது, மறுபடி இழுத்தது. அம்மாவின் புடவை. நான் அதற்குள் கையை விட்டபோது அம்மாவும் இருந்தாள். நனைந்த புடவை அவள் கால்களைச் சுற்றி இறுக்கியிருந்தது. அத்தான் வந்து தூக்கினார். அந்த இடத்தில் தண்ணீர் அவர் தொடைக்குக் கீழேதான் இருந்தது.

அப்பா இரண்டு முறை ஊதினார். மறுபடி இரண்டு முறை. அக்கா சுண்டெலியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எல்லோரும் வெளியே வந்த பிறகும் அவர் இரண்டிரண்டாக ஊதிக்கொண்டே இருந்தார். அத்தான் அம்மாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நான்தான் எழுந்து போய் அப்பாவின் வாயிலிருந்து விசிலை எடுத்தேன்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஒரே டாக்டர்தான் இருந்தார். அவர் அம்மாவின் கண்ணில் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"முழங்கால் தண்ணிதானே? கரையில யாரும் பாக்கலையா?"

"நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார் அப்பா.

அவர் சொன்னது பொய் இல்லை. அம்மா விழுந்த இடத்தில் அவருக்குக் கடல் தெரிந்திருக்கும். முழுசாக, கிழிசல் எதுவும் இல்லாமல்.

காரியங்கள் எல்லாம் முடிந்தன. நான் வாங்கி வைத்திருந்த நேரமும் அதற்குள் போய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் அலையைப் பற்றியே பேசினார்கள். அலைக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். கண்டக்டரும் வந்தார். அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்தவர், அப்பா தன்னைக் கவனிக்கவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்து, எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

பந்தயத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. அக்கா, தன் வீட்டுக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர்கிட்ட இப்ப எதையும் கேக்காத. உயிரோட இருக்கட்டும்" என்றாள்.

"நீட்டி வாங்கின லீவும் முடியுதுக்கா."

"தெரியும்."

லீவு முடிந்து அவர் வேலைக்குப் போக வேண்டிய காலையில், நான் அவருக்கு முன்பே எழுந்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக மறந்துபோயின. அப்பா அறையிலிருந்து வந்தார். காக்கிச் சட்டை போட்டிருக்கவில்லை. கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பட்டனை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஒரு தலை" என்றார்.

நான் எழுந்தேன்.

"ஒரு தலைய விட்டுட்டேன்ல. வா, போலாம்."

தெருவில் நான் அவருடைய இடது பக்கம் நடந்தேன். மூலைக் கடையைத் தாண்டினோம். பிறகு, "அவ ரொம்ப நாளா இந்தப் பக்கம்தான் நடந்தா" என்றார். "ஏன்னு நான் கேட்டதே இல்ல."

இருட்டறையில் அவரை உட்காரவைத்தேன். நாற்காலியை ஏற்றி, தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் கட்டினேன். பட்டனைக் கையில் கொடுத்தேன். எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்.

"நடுவுல இருக்கற புள்ளிய மட்டும் பாருங்க. பக்கத்துல எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க."

"தெரியலன்னா?"

"சும்மா இருங்கப்பா."

வெளிச்சத்தைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் எழுப்பி ஏமாற்றிப் பார்ப்பதும் இந்த மெஷினின் வழக்கம். பலரும் அதற்கு அழுத்திவிடுவார்கள். வேண்டுமென்று இல்லை. தெரிய வேண்டும் என்ற ஆசையில் அழுத்துவார்கள். அப்பா ஒரு தடவைகூட அழுத்தவில்லை. வலது கண்ணில் மூக்கை ஒட்டிய பக்கம், அதாவது இடப்புறம், பார்வை அரித்துப் போயிருந்தது. இடது கண்ணுக்கு வந்தபோது திரையில் நடுவில் சிறு வட்டம் மட்டும் வெளுத்தது. சுற்றிலும் ஒவ்வொரு கட்டமாகக் கறுத்துக்கொண்டே போனது. வெளிச்சம் வருவதும் போவதும் எனக்குத் தெரிந்தது. அவர் கட்டைவிரல் பட்டனின் மேல் அசையாமல் இருந்தது.

"முடிஞ்சுதுப்பா."

அவர் தாடையை எடுக்கவில்லை.

"இடது பக்கம் இன்னொரு தடவ வை" என்றார் கிண்ணத்துக்குள்ளிருந்து. "இன்னும் கொஞ்சம் வெளிச்சமா."

சற்று முன் அந்தப் பக்கம் கடைசியாகக் காட்டியதே மெஷினால் முடிந்த அதிகபட்ச வெளிச்சம்.

"வச்சேன்ப்பா" என்றேன்.